ஒன்றாம் எண் கயிறு

எங்கள் ஊர்த் துறைமுகத்தில் நின்றுகொண்டு "ஃப்ளெட்" என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். மீதிப் பாதிக்குக் காது கேட்காது. பெரும்பாலும் ஒரே குடும்பப்பெயர் என்பதால்தான் போர்ட்கார்னில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. டோசி ஃப்ளெட், பாபின் ஃப்ளெட் என்று சேர்த்துச் சொன்னால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும். அந்தக் காலத்துச் சபைப் பதிவேட்டிலும் மக்கள்தொகைக் கணக்கிலும்கூடப் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருப்பார்கள். அதையெல்லாம் சரியாகப் படிக்கத் தெரிந்தவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

என் பெயர் எல்ஸ்பெத். பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். துறைமுகத்துப் பழைய ஐஸ் கிடங்கில் ஊர் வரலாற்று அறை ஒன்றை நடத்துகிறோம். நடத்துகிறோம் என்றால், நான் நடத்துகிறேன். கமிட்டி டீ குடிக்கிறது. கோடையில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கையில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எழுதிய காகிதம் ஒன்று இருக்கும். எங்கள் ஆட்கள் யார், எந்த வீட்டில் இருந்தார்கள் என்று கேட்பார்கள். நான் கண்டுபிடித்துக் கொடுப்பேன். சிலர் அழுவார்கள். நான் அழுததில்லை, எனக்கு அது பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு அப்படி வந்தவர்தான் கால்வின். கனடாவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவர். மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளை குட்டி இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எங்கள் ஃபாரத்தை நிரப்பிவிட்டு, குடும்ப பைபிளிலிருந்து நகல் எடுத்த ஒரு பக்கத்தை நீட்டினார். வில்லியம் ஃப்ளெட், டோசி, போர்ட்கார்ன். மனைவி ஜீன். மூத்த மகன் வால்ட்டர்.

"எனக்குன்னு உலகத்துல யாராவது மிச்சம் இருக்காங்களான்னு பாக்கணும். தூரத்து சொந்தமா இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

"ஃப்ளெட்டுக்கா பஞ்சம்? இங்க கல்ல விட்டெறிஞ்சா ஒரு ஃப்ளெட் மேலதான் விழும். நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றேன்.

நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டேன். 1861 கணக்கில் ஆள் இருந்தார்: வில்லியம் ஃப்ளெட், டோசி, மீனவர், மனைவி ஜீன், மகன் வால்ட்டர். 1852-இல் அவர்கள் கல்யாணப் பதிவு. அந்தக் காலத்துப் பதிவில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் இருக்காது; அதெல்லாம் பின்னால் சட்டம் வந்த பிறகு. ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு வில்லியம் ஃப்ளெட் இருந்தார்கள், ஒரு வருஷ இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவன் ஜேம்ஸ் டோசியின் மகன். மற்றவன் வால்ட்டர் பாபினின் மகன். நம் ஆள் டோசி. ஆகவே ஜேம்ஸ் டோசியின் மகன். கோடு போட்டு இணைத்தேன்.

ஒன்றே ஒன்று உறுத்தியது. மூத்த மகனுக்கு அப்பாவுடைய அப்பாவின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். ஜேம்ஸ் டோசியின் பேரன் ஜேம்ஸாக இருக்க வேண்டும், வால்ட்டராக இருக்கிறானே? அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏதோ மனஸ்தாபம் இருந்திருக்கும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். வேறு யாராவது அப்படிக் கதை கட்டியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

டோசிக் குடும்பத்துக்கு இப்போது தலைவன் நார்மன். மீன் வறுவல் கடை வைத்திருக்கிறான். நல்ல மனுஷன், கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. கடையில் வரிசையில் நின்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு வெளியே வந்து கால்வினைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கால்வின் வந்துகொண்டிருக்கிறார். நான் வரைந்த வம்சாவளி, சட்டம் போட்டு, உப்பு ஜாடிக்கு மேலே கடைச் சுவரில் தொங்குகிறது. துறைமுகத்தில் கால்வின் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார், 'டோசிக் குடும்பத்தின் நினைவாக' என்று பித்தளைத் தகட்டில் பொறித்து.

அந்தப் பெஞ்சில் தினமும் உட்கார்ந்தது வாட்டி. வால்ட்டர் என்ற பெயரை எங்கள் ஊரில் வாட்டி என்றுதான் கூப்பிடுவோம். வாட்டி பாபின், எண்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அறுபது வருஷம் கடலுக்குப் போனவர். வரலாற்று அறைக்கு நேர் எதிரே வீடு. மழை வந்தால் பெஞ்சிலிருந்து எழுந்து என் அறைக்கு வந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"என்ன புள்ள, இன்னைக்கு எந்தச் செத்தவன எழுப்பப் போற?"

"நீங்க உயிரோட வந்து உக்காந்திருக்கீங்களே, அதுவே போதும்."

"டோசிப் பயலுக பெஞ்சுல உக்காந்தா இடுப்பு புடிச்சிக்குது. அந்தக் கனடாக்காரன் மூக்கப் பாத்தியா? டோசிங்க யாருக்கும் அப்படி மூக்கு கிடையாது. அது ஒழுங்கான மூக்கு."

"மூக்கெல்லாம் ஆதாரமாகாது வாட்டி. பேப்பர் வேணும்."

"பேப்பர எழுதினவனும் உன்ன மாதிரி ஒரு ஆளுதான புள்ள" என்பார். நான் சிரித்துவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது கூலியாட்கள் இல்லை, சொந்தபந்தம். எட்டுக் கயிறு, எட்டு ஆள். யாருக்கு எந்தக் கயிறு என்று எண் போட்ட சிறு அட்டையை முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். தலைமாட்டில் நிற்பவர் ஒன்றாம் எண். அது மிக நெருங்கிய இரத்த உறவுக்கு உரியது. வாட்டி தன் எட்டுப் பேர் பட்டியலை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். ஒரு நாள் அதைக் கொண்டுவந்து காட்டினார்.

"ரெண்டுல இருந்து எட்டு வரைக்கும் ஆள் போட்டாச்சு. கூட கடலுக்குப் போனவனுங்க, பக்கத்து வீட்டுக்காரனுங்க."

"ஒண்ணு காலியா இருக்கே?"

"அதுக்கு ஒரு பாபின் வேணும். நான்தான் கடைசி பாபின். என் கயித்த நானே புடிக்க முடியுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "உன் பேப்பர்ப் பொட்டிக்குள்ள தேடிப் பாரு புள்ள. எங்கயாச்சும் ஒருத்தன் இருந்தாச் சொல்லு."

தேடுகிறேன் என்றேன். ஒரு மத்தியானம் தேடவும் செய்தேன். வால்ட்டர் பாபினின் மகன் வில்லியம், ஞானஸ்நானத்துக்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் தட்டுப்படவில்லை. சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்திருப்பான் என்று எழுதி மூடிவிட்டேன். அவனுடைய தம்பி வழியில் வந்தவர்தான் வாட்டி.

இந்த வருஷம் பிப்ரவரியில் எங்கள் சபை மூப்பர்களின் பழைய குறிப்பேடுகள் கணினியில் பார்க்கக் கிடைத்தன. ஊரில் யார் குடித்தார்கள், யார் ஓய்வுநாளில் வலை உலர்த்தினார்கள் என்று மூப்பர்கள் விசாரித்து எழுதிவைத்த புத்தகங்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊர் வம்பு படிக்கிற ஆசையில்தான் புரட்டினேன். 1848-இல் ஒரு வரி: புயலில் மூழ்கிய தன் மகன் வில்லியமுக்காக ஜேம்ஸ் டோசியின் மனைவிக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு கொடுக்கப்பட்டது.

என் வில்லியம், 1852-இல் நான் கல்யாணம் செய்துவைத்த வில்லியம், அதற்கு நாலு வருஷம் முன்பே கடலோடு போய்விட்டிருந்தான்.

மேலே புரட்டினேன். 1853: ஓய்வுநாளில் படகைக் கரையேற்றியதற்காகக் கண்டிக்கப்பட்டவர், 'வில்லியம் ஃப்ளெட், பாபின் வால்ட்டரின் மகன், இப்போது மாமனாரின் படகில் போவதால் டோசி எனப்படுபவர்.'

பட்டப்பெயர் இரத்தத்தோடு வருவது என்று நினைத்திருந்தேன். அது படகோடு வந்திருக்கிறது. மாமனார் படகில் ஏறியவனை ஊர் மாமனார் பெயரால் கூப்பிட்டிருக்கிறது. அவனும் அந்தப் பெயரோடு கனடாவுக்குக் கப்பலேறிவிட்டான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? என் சித்தப்பாவையே மாமனார் வீட்டுப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை. ஆனால் அவன் ஒன்றை மறக்கவில்லை. மூத்த பிள்ளைக்கு வழக்கப்படி தன் அப்பா பெயரை வைத்தான், வால்ட்டர் என்று.

கால்வின் டோசி இல்லை. பாபின். வாட்டிக்கு நேர் ஆண்வழிப் பங்காளி. பதினைந்து வருஷமாக அந்த மனுஷர் வந்து போனபோதெல்லாம் வாட்டி அவர் போட்ட பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். இருவரும் வானிலை பற்றிப் பேசி நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே தெருவைக் கடந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். இருபதடி தூரம். நான் போகவில்லை. வாட்டியிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நார்மன் கடைச் சுவரில் தொங்குகிற சட்டத்தைப் பார்த்து ஊரே சிரிக்கும். முப்பது வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வம்சாவளியையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வந்து நிற்பார்கள். கால்வின் ஜூன் மாதம் வருகிறார், நேரில் சொல்வதுதான் மரியாதை, முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. பயம். வெட்கம். வேறொன்றும் இல்லை.

ஏப்ரலில் வாட்டிக்கு இதயம் தளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். புகைபோட்ட மீன் சூப் எடுத்துக்கொண்டு அடிக்கடி போவேன். மே மாதக் கடைசியில் ஒரு நாள் பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னார். பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைத் தேடினார்.

"ஒண்ணாம் நம்பர் இன்னும் காலியாவே கிடக்கு. உன் பேர எழுதிரட்டுமா புள்ள? ரத்தமில்லாட்டி போவுது. இத்தன வருசம் டீ குடுத்திருக்க."

அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரியும். பத்து நாளில் அவர் வந்துவிடுவார். நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

"இப்ப எழுத வேணாம் வாட்டி. காலியாவே இருக்கட்டும்."

"ஏன்?"

"சும்மாத்தான். கொஞ்ச நாள் போகட்டுமே."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சரி சரி. கிழவன் பெட்டி கனமா இருக்கும்னு பயந்துட்ட போல" என்று சொல்லி, சூப் நன்றாக இருக்கிறது என்றார்.

அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம்தான்: 'உங்களுக்கு ஒரு பங்காளி இருக்காரு வாட்டி, நீங்க சொன்ன அதே மூக்கு.' கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார். நான் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அதற்கு முந்தின நாள் மாலைதான் கால்வின் வந்து இறங்கினார். அந்த வியாழக்கிழமை காலையில் இம்லாக் என் அறைக்கு வந்தார். எங்கள் வட்டாரத்தில் அடக்க ஏற்பாடுகள் எல்லாம் அவர்தான். வாட்டியின் பட்டியலை மேசைமேல் வைத்தார்.

"இதுல ஒண்ணாம் நம்பர்ல என்ன எழுதியிருக்காருன்னு பாத்துச் சொல்லுங்க எல்ஸ்பெத். எனக்குப் படிக்க முடியல."

எனக்குப் படிக்க முடிந்தது. பழைய கையெழுத்து படிப்பதுதானே என் தொழில். பென்சிலால் என் பெயரை எழுதி, பிறகு அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்திருந்தார். நான் போன பிறகு எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, வேண்டாம் என்று அடித்திருக்கிறார்.

"ஒண்ணுமில்ல. அடிச்சிருக்காரு" என்றேன்.

"அப்ப நானே புடிச்சிக்கறேன். ஆள் இல்லாதப்ப அப்படித்தான் செய்யறது" என்று இம்லாக் பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கால்வின் அறைக்கு வந்தார். எனக்குப் பிடிக்கும் என்று ஞாபகமாக மேப்பிள் பாகு ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். "உக்காருங்க கால்வின், ஒரு விஷயம் பேசணும்" என்றுவரை சொல்லிவிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு நார்மன் உள்ளே வந்தான். "என்னய்யா பங்காளி, கறுப்பு டை கொண்டாந்தியா? நம்ம வாட்டிக் கிழவனுக்கு ஒரு மரியாத பண்ணிட்டு வந்துரலாம்" என்று அவர் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

கல்லறை மேட்டில் காற்று கோட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. பாதிரியார் ஜெபம் முடித்தார். இம்லாக் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார். தலைமாட்டில் தானே போய் நின்றுகொண்டார். இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவராக வந்து கயிற்றை எடுத்தார்கள். எட்டாம் எண்ணுக்கு ஆள் வரவில்லை. அந்தக் கிழவருக்கு முட்டி பிடித்துக்கொண்டு மேடேற முடியவில்லையாம், கீழே காரிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"யாராச்சும் ஒருத்தர் வர்றீங்களா?" என்று இம்லாக் கேட்டார்.

கால்வின் கையைத் தூக்கினார். "நான் புடிக்கலாமா? எனக்கு அவரோட பழக்கம்தான். என் பெஞ்சுலதான் உக்காருவாரு."

"தாராளமா" என்று இம்லாக் அட்டையை அவரிடம் நீட்டினார்.

அப்போது நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். 'அவர் எட்டு இல்ல இம்லாக், அவர்தான் ஒண்ணு' என்று சொன்னால் முடிந்தது. தலைமாட்டில் இம்லாக் கால்வினுக்கு இடம் விட்டு நகர்ந்திருப்பார். ஊர் முழுக்கப் பார்த்திருக்கும், அதனால் என்ன. பார்த்துவிட்டுப் போகட்டுமே. வாய் வரவில்லை. எட்டுப் பேரும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், பெட்டி இறங்கியது, இம்லாக் தலையசைத்ததும் கயிறுகளை உள்ளே போட்டார்கள். கால்வின் புதியவர் ஆனதால் ஒரு விநாடி பிந்திப் போட்டார்.

எல்லோரும் சூப்புக்கும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரிக்கும் ஹோட்டலை நோக்கி இறங்கினார்கள். நார்மன் முன்னால் போய் மேசை பிடிக்கிறேன் என்றான். நான் கால்வினின் கையைப் பிடித்து நிறுத்தினேன். குழியை மூடுகிறவர்கள் மண்வெட்டியோடு ஓரமாகக் காத்திருந்தார்கள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். புயல், மாவு மூட்டை, ஓய்வுநாள் படகு, மாமனாரின் பெயர், மூத்த மகன் வால்ட்டர். எதையும் மழுப்பவில்லை. அதற்குள் மழுப்ப ஒன்றும் மிச்சமும் இல்லை.

"என் முழுப் பேரு கால்வின் வால்ட்டர்" என்றார் அவர். "எங்கப்பா பேரும் வால்ட்டர்தான். உங்க ஃபாரத்துல அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே."

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பிப்ரவரியில."

அவர் மாதங்களை எண்ணுவது உதட்டில் தெரிந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

"ஒரு போன் பண்ணியிருந்தா மறுநாளே கிளம்பி வந்திருப்பேன் எல்ஸ்பெத். எனக்கு அங்க என்ன வேல? வீட்டுல யார் இருக்கா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார், பதில் வேண்டும் என்பதுபோல.

கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். எட்டு என்று அச்சடித்திருந்தது. பிறகு குழியின் தலைமாட்டைக் காட்டிக் கேட்டார்.

"அந்த இடத்துக்கு அவரு யார் பேர எழுதி வச்சிருந்தாரு?"

"என் பேர. எழுதிட்டு அடிச்சிருந்தாரு."

"ஏன் அடிச்சாரு?"

"காலியா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். நீங்க வருவீங்கன்னு. அத அவர்கிட்ட சொல்லல."

கால்வின் என்னைப் பார்க்கவில்லை. குழியைச் சுற்றி நடந்துபோய், இம்லாக் நின்றிருந்த இடத்தில் நின்றுகொண்டார். கையில் பிடிக்கக் கயிறு இல்லை. மண் தள்ள வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.